இடம் கொடுத்தவன்

இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவான் என்று நம்மிடையே ஒரு பழமொழி உண்டு. இடம் கேட்டு வந்தவனைப் பற்றித்தான் அது எச்சரிக்கிறது. இடம் கொடுத்தவன் எப்போதும் நல்லவன், ஏமாளி. வந்தவன்தான் தந்திரக்காரன் என்று அந்தப் பழமொழியைச் சொல்லி வைத்தவர்கள் நினைத்திருக்கிறார்கள். அநேகமாக அவர்களுக்குச் சொந்தமாக மடங்கள் இருந்திருக்க வேண்டும்.

இடம் கொடுத்தவனே வந்தவனுடைய மூட்டையைப் பிடுங்கிக்கொண்டால், அதற்கு என்ன பழமொழி? எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் அப்படி நடப்பது அபூர்வம் அல்ல. சித்திரக்கதை வரைகிறவர்களின் சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தால், பக்கத்துக்குப் பக்கம் இந்த ஒரு சங்கதிதான் திரும்பத் திரும்ப வருகிறது.

இந்த விஷயத்தை இப்போது எடுத்துக்கொள்ளக் காரணம் இருக்கிறது. இன்று காமிக்ஸ் வரைகிற இளைஞன் பத்திரிகை ஆபீஸ் வாசலில் படக்கட்டை இடுக்கிக்கொண்டு காத்திருக்க வேண்டியதில்லை. அவனுக்கென்றே இணையத்தில் தளங்கள் இருக்கின்றன. புதிது புதிதாகக் கட்டிக்கொண்டும் இருக்கிறார்கள். இரவில் வரைந்ததைக் காலையில் போட்டால், கடல் கடந்த ஊர்களில் இருப்பவர்கள் செல்போனில் பார்த்துச் சிரிக்கிறார்கள். நல்ல காலம்தான். ஆனால் அந்தத் தளத்தைக் கட்டியவன், அங்கே வந்து படம் போடுகிறவனுக்கு எந்த அளவுக்குக் கடமைப்பட்டவன்? அங்கே பிறந்து வளர்ந்த பாத்திரம் யாருடையது? வக்கீல்கள் இதற்குப் பதில் வைத்திருக்கிறார்கள். நான் கேட்பது அந்தப் பதிலை அல்ல. தர்மம் என்ன சொல்கிறது என்பதே என் கேள்வி.

முதலில் பழைய கதையைப் பார்த்துவிடுவோம். இந்தத் தகராறு இணையத்தோடு பிறந்ததல்ல. 1895-ம் ஆண்டில் நியூயார்க்கில் புலிட்சரின் பத்திரிகையில் ரிச்சர்டு அவுட்கால்ட் என்ற சித்திரக்காரர் ஒரு சேரிப் பையனை வரைந்தார். மொட்டைத் தலை, தொளதொளத்த மஞ்சள் அங்கி. ஊரே அந்தப் பையனுக்காகப் பத்திரிகை வாங்கிற்று. மறு வருஷம் ஹெர்ஸ்ட் என்ற போட்டிப் பத்திரிகை முதலாளி அதிகப் பணம் தந்து அவுட்கால்ட்டைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். புலிட்சர் சும்மா இருக்கவில்லை. வேறொரு சித்திரக்காரரை வைத்து அதே பையனைத் தொடர்ந்து வரையச் சொன்னார். ஒரே நகரத்தில், ஒரே சமயத்தில், இரண்டு பத்திரிகைகளில் ஒரே பையன் சிரித்துக்கொண்டிருந்தான். தகப்பன் ஒருவன்தான், வீடுதான் இரண்டு.

இதைவிட மனத்தை வருத்துகிற கதை ஒன்று உண்டு. ஜெரி சீகல், ஜோ ஷூஸ்டர் என்று இரண்டு நண்பர்கள் கிளீவ்லாந்து நகரில் இருந்தார்கள். ஒருவர் எழுதுவார்; மற்றவர் வரைவார். 1938-ம் ஆண்டு மார்ச் மாதத்தில், இருபத்து மூன்று வயதில், 'சூப்பர்மேன்' என்ற தங்கள் பாத்திரத்தை 130 டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பக்கத்துக்குப் பத்து டாலர் வீதம் பதின்மூன்று பக்கங்கள். கணக்குச் சரியாகத்தான் இருந்தது. கோடி கோடியாகப் பணம் குவித்த அந்த மாவீரன், பெற்றவர்களுக்கு வாடகைப் பிள்ளைகூட அல்லாமல் போனான். 1947-ல் வழக்குத் தொடுத்தார்கள். பாத்திரத்தை மீட்க முடியவில்லை. அதன்பின் கதைகளின் தலைப்பில் அவர்கள் பெயரும் இல்லாமல் போயிற்று. ஷூஸ்டருக்குப் பார்வையும் மங்கிற்று. 1975-ல் சூப்பர்மேனைப் பெரிய சினிமாவாக எடுக்க ஏற்பாடு நடந்தபோது, மற்ற சித்திரக்காரர்கள் எழுப்பிய கூக்குரலால்தான் நிறுவனம் இறங்கி வந்தது. ஆளுக்கு வருஷம் 20,000 டாலர் உபகாரச் சம்பளமும், 'படைத்தவர்கள் இவர்கள்' என்று பெயர் போடும் மரியாதையும் கிடைத்தன. 130 டாலரும் அடங்கிய அந்தப் பழைய காசோலைத் தாள் 2012-ல் 1,60,000 டாலருக்கு ஏலம் போயிற்று. காகிதத்துக்குக் கிடைத்த விலை கற்பனைக்குக் கிடைக்கவில்லை.

"அவர்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்களே?" என்று கேட்கலாம். போட்டார்கள்; உண்மை. ஆனால் பசித்தவனின் கையெழுத்துக்கும் பசியாறியவனின் கையெழுத்துக்கும் ஒரே அர்த்தம்தானா? சட்டத்துக்கு ஒன்றுதான். எழுத்து அதே எழுத்து. மை அதே மை. தர்மம் மட்டும் சற்று நின்று, கை நடுங்கிற்றா என்று பார்க்கும்.

விவரம் தெரிந்தவர்கள் வேறு வழி தேடினார்கள். மில்ட்டன் கானிஃப் என்ற புகழ் பெற்ற சித்திரக்காரர் 1934 முதல் 'டெரியும் கடற்கொள்ளைக்காரர்களும்' என்ற தொடரை வரைந்து வந்தார். தொடர் அவருடையது அல்ல. பத்திரிகைகளுக்குப் படம் விநியோகம் செய்த நிறுவனத்துடையது. 1946-ம் ஆண்டின் இறுதியில், புகழின் உச்சியில் இருந்தபோதே அதை விட்டுவிட்டு வெளியே வந்தார். மறு மாதமே 'ஸ்டீவ் கான்யன்' என்ற புதுத் தொடரைத் தொடங்கினார். இது அவருக்கே சொந்தம். பன்னிரண்டு வருஷம் வளர்த்த பிள்ளைகளை விட்டுவிட்டு, புதிதாக ஒரு பிள்ளையைப் பெற வேண்டியிருந்தது அவருக்கு. பழைய தொடரை வேறொருவர் 1973 வரை வரைந்தார். கானிஃப் பெரிய மனிதர். பெயரே போதும், வாசகர்கள் பின்னாலே வந்தார்கள். பெயர் இல்லாதவன் என்ன செய்வான்?

இதையெல்லாம் படித்துவிட்டு, இடம் கொடுத்தவர்கள் எல்லோருமே கொள்ளைக்காரர்கள் என்று முடிவு கட்டிவிட்டால் அதுவும் அநியாயம். முன்பு சொன்ன அதே ஹெர்ஸ்டை எடுத்துக்கொள்ளுங்கள். அவரிடம் ஜார்ஜ் ஹெரிமன் என்று ஒரு சித்திரக்காரர் இருந்தார். 'க்ரேஸி கேட்' என்ற தொடர் அவருடையது. ஒரு பூனை ஓர் எலியைக் காதலிக்கிறது. எலி பூனையின் மேல் செங்கல்லை விட்டெறிகிறது. அந்தச் செங்கல்லைப் பூனை அன்பின் அடையாளமாக ஏற்றுக்கொள்கிறது. நாய்தான் போலீஸ்காரர். கதை இவ்வளவுதான். 1913-ல் தனித் தொடராகத் தொடங்கிய இதை ரசித்தவர்கள் கொஞ்சம் பேர்; போகப் போக அதை வாங்கிப் போட்ட பத்திரிகைகளும் குறைந்தன. வியாபாரக் கணக்குப்படி என்றைக்கோ நிறுத்தியிருக்க வேண்டும். ஹெர்ஸ்டுக்கு அந்தப் பூனையைப் பிடித்திருந்தது, அதனால் நிறுத்தவில்லை. 1944-ல் ஹெரிமன் கண்ணை மூடும்வரை வந்தது. அதன்பின் வேறு யார் கையிலும் கொடுக்காமல் அதை அப்படியே முடித்துவிட்டார்கள். இன்று சித்திரக்கதைக் கலையின் சிகரங்களில் ஒன்றாக அதைச் சொல்கிறார்கள்.

ஆகவே, இடம் கொடுத்தவன் ஒரு கையால் பறிக்கவும் செய்வான். இன்னொரு கையால் காக்கவும் செய்வான். கலைஞனின் கதி, முதலாளிக்கு அன்று எந்தக் கை நீளுகிறது என்பதைப் பொறுத்தது. இது கலைஞனுக்கு மதிப்பும் அல்ல. முதலாளிக்குப் பெருமையும் அல்ல.

இணையம் வந்தபோது இந்த நிலை மாறிவிடும் என்று பலர் நம்பினார்கள். 2000-ம் ஆண்டில் ஸ்காட் மெக்ளவுட் என்ற காமிக்ஸ் கலைஞர், காமிக்ஸின் எதிர்காலத்தைப் பற்றி ஒரு புத்தகமே போட்டார். அதையும் காமிக்ஸாகவே வரைந்திருந்தார். வாசகன் சில்லறைக் காசை நேராக ஓவியனிடம் கொடுப்பான், நடுவில் ஆள் வேண்டியதில்லை என்பது அவருடைய கனவு. 2002-ல் ஜோயி மேன்லி என்பவர் 'மாடர்ன் டேல்ஸ்' என்ற தளத்தைத் தொடங்கினார். மாதம் மூன்று டாலருக்குச் சற்றுக் குறைவாகக் கட்டினால் பல ஓவியர்களின் தொடர்களைப் படிக்கலாம். பதினோரு வருஷம் நடந்து 2013-ல் அது மூடப்பட்டது. 2004-ல் தென் கொரியாவில் நேவர் நிறுவனம் செல்வாக்கான வேறொரு வழியைத் திறந்தது. யார் வேண்டுமானாலும் வரைந்து போடலாம். வாசகர்களுக்குப் பிடித்துப் போனவர்களை அழைத்து ஒப்பந்தம் செய்வார்கள். பக்கம் புரட்ட வேண்டாம். மேலிருந்து கீழே தள்ளிக்கொண்டே படிக்கலாம். அந்த விதை பெரிய மரமாகி, 2024 ஜூன் மாதத்தில் 'வெப்டூன்' என்ற பெயரில் அமெரிக்கப் பங்குச் சந்தைக்கே வந்துவிட்டது.

நடுவில் ஆள் இல்லாமல் போனானா? இல்லை. முன்பு பத்திரிகை முதலாளி நின்ற இடத்தில் இப்போது தளம் நிற்கிறது. கடை விரிக்கக் காசு வேண்டாம் என்பது நிஜம். ஆனால் தெரு முழுவதும் ஒருவனுக்குச் சொந்தம்.

என் நண்பர் ஒருவரின் மகன் கணினி வேலை பார்க்கிறவன். இப்படி ஒரு தளம் கட்ட வேண்டும் என்ற ஆசை அவனுக்கு உண்டு. நான் இந்தச் சரித்திரத்தையெல்லாம் சொல்லிக்கொண்டே போனபோது பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்:

"மாமா, நீங்க கதை எழுதறவர். அதனால படம் போடறவன் பக்கமே பேசறீங்க. கட்டறவன் பக்கத்தையும் கொஞ்சம் பாருங்க."

"சொல்லப்பா, கேட்கிறேன்" என்றேன்.

விரல்விட்டு எண்ணினான். படங்களைச் சேமித்து வைக்கும் இயந்திரங்களுக்கு மாத வாடகை. கூட்டம் வரும்போது படுத்துவிடாமல் பார்த்துக்கொள்ள ஆட்கள். வாசகரிடம் பணம் வாங்கி ஓவியரிடம் சேர்ப்பதற்கு வங்கிகள் எடுத்துக்கொள்ளும் கமிஷன். திருட்டுப் படம், ஆபாசம், வசை இவற்றைக் களைய இன்னும் சில ஆட்கள். "இவ்வளவும் செஞ்சாலும் வந்தவங்கள்ல பெரும்பாலோருக்கு வாசகரே கிடைக்க மாட்டாங்க, மாமா. அந்தச் செலவு முழுக்க என் தலையில. தோத்தவன் யாரும் நஷ்டத்துல பங்கு எடுத்துக்க வர்றதில்லை. ஜெயிச்ச ஒருத்தன் மட்டும், 'எல்லாம் என்னோடது, நான் கிளம்பறேன்'னா, நான் எங்கே போறது?"

நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்லாமல், கலைஞன் வாழ்க என்று கோஷம் போடுவது நேர்மையாகாது. தெரு போட்டவனும் உழைத்தவன்தான். அவன் இல்லாவிட்டால் அந்தப் பாத்திரத்தை உலகம் பார்த்தே இருக்காது.

ஆனால் உழைப்புக்குக் கிடைக்க வேண்டியது கூலி. கூலி வேறு, உரிமை வேறு. பிரசவம் பார்த்த மருத்துவச்சிக்குப் பணம் உண்டு, புடவை உண்டு, அந்த வீட்டில் ஆயுள் முழுவதும் மரியாதையும் உண்டு. அவள் இல்லாவிட்டால் பிள்ளை பிழைத்திருக்காது என்றுகூட நன்றியோடு சொல்வார்கள். பிள்ளை மட்டும் அவளுடையதல்ல. தோற்றவர்களின் செலவையும் சேர்த்து, வென்றவர்களின் வருமானத்தில் ஒரு பங்கைத் தளம் எடுத்துக்கொள்ளட்டும். பங்கு சற்று அதிகமாக இருந்தாலும், முன்கூட்டியே சொல்லிவிட்டால் குற்றம் இல்லை. அது கூலியின் அளவைப் பற்றிய பேச்சு, பேரம் பேசலாம். பாத்திரத்தையே எழுதி வாங்குவது பேரத்துக்கு அப்பாற்பட்டது.

ஓவியன் ஒரு தளத்துக்கு வரும்போது மூன்று பொருள்களைக் கொண்டு வருகிறான் அல்லது அங்கே தேடிக்கொள்கிறான். ஒன்று, அவன் பாத்திரங்கள். இரண்டாவது, அவன் வரைந்த படங்கள். மூன்றாவது, அவனுடைய வாசகர்கள். இம்மூன்றையும் எடுத்துக்கொண்டு போக வழி இருக்கிறதா என்று கேட்டாலே, தளத்தின் தராதரம் தெரிந்துவிடும்.

முதலாவதைப் பற்றிச் சொல்லிவிட்டேன். இரண்டாவது, படங்கள். 'ஸ்மாக் ஜீவ்ஸ்' என்று ஒரு தளம் இருந்தது. பல வருஷங்களாக எத்தனையோ பேர், பெரும்பாலும் இளம் பிள்ளைகள், அங்கே காமிக்ஸ் வரைந்து போட்டு வந்தார்கள். அது கை மாறிற்று. 2020-ம் ஆண்டு முடிவில் மூடப்பட்டது. தளத்தை மூடுவது பாவம் என்று நான் சொல்லமாட்டேன். எந்த வியாபாரமும் ஒரு நாள் முடியத்தான் செய்யும். ஆனால் இணையத்தில் வரைந்தவனுக்கு வீட்டில் பிரதி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். படத்தின் அடியில் வாசகர்கள் எழுதிய வார்த்தைகளுக்கு நிச்சயமாகப் பிரதி கிடையாது. ஒருவன் பதினைந்து வயதிலிருந்து இருபத்தைந்து வயது வரை வரைந்தவற்றுக்கு, ஒரு தளத்தின் ஆயுள்தான் ஆயுளா? மூடும் நாளில் என்ன செய்வோம் என்பதைத் திறக்கும் நாளிலேயே எழுதி வைக்க வேண்டியது கட்டுகிறவனின் கடமை.

மூன்றாவது, வாசகர்கள். இதுதான் எளிதில் கண்ணுக்குத் தெரியாத சொத்து. 'பேட்ரியான்' என்ற தளம் 2013-ல் வந்தது. மாதம் ஒரு டாலர், இரண்டு டாலர் என்று வாசகர்கள் தங்களுக்குப் பிடித்த கலைஞருக்குக் கொடுத்து வரலாம். காமிக்ஸ் வரைகிறவர்கள் பலருக்கு அது சோறு போட்டிருக்கிறது. 2017 டிசம்பரில் அவர்கள் ஒரு புது ஏற்பாட்டை அறிவித்தார்கள். ஒவ்வொரு காணிக்கைக்கும் மேலாக 2.9 சதவீதமும் 35 சென்ட்டும் வாசகரே கட்ட வேண்டும். அதாவது ஒரு டாலர் கொடுக்கிறவர் 1 டாலர் 38 சென்ட் கொடுக்க வேண்டும். ஏழை வாசகர்கள்தான் ஒற்றை டாலர்காரர்கள். அவர்கள் பலர் விலகத் தொடங்கினார்கள். ஓவியர்கள் கொதித்தெழுந்தார்கள். ஒரு வாரத்துக்குள் நிறுவனம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அந்த ஏற்பாட்டைக் கைவிட்டது.

இந்தச் சம்பவத்தில் எனக்குப் பிடித்தது மன்னிப்பு அல்ல. மன்னிப்புக் கேட்கும்படி ஆயிற்றே, அதன் காரணம்தான். அந்தத் தளத்தில் ஓவியன் தன் ஆதரவாளர்களின் மின்னஞ்சல் முகவரிகளைத் தானே எடுத்து வைத்துக்கொள்ள முடியும். வெளியே போக முடிந்தவனின் குரலுக்குத்தான் உள்ளே காது கிடைக்கும். கதவு பூட்டியிருந்தால், எவ்வளவு உரக்கக் கத்தினாலும் அது புலம்பல்தான்.

கையெழுத்தைப் பற்றி முன்பு சொன்னேன். இந்தக் காலத்தில் கையெழுத்துக்கூட வேண்டாம். 'சம்மதம்' என்ற பொத்தானை அழுத்தினால் போதும். அதற்கு மேலே உள்ள முப்பது பக்க நிபந்தனைகளை யார் படிக்கிறார்கள்? 2022 நவம்பரில், ஓவியர்கள் கூடும் 'டீவியன்ட் ஆர்ட்' என்ற பழைய தளம், படம் வரையும் இயந்திரம் ஒன்றை அறிமுகப்படுத்தியது. அங்கே இருக்கும் படங்களைக்கொண்டு இத்தகைய இயந்திரங்களைப் பழக்கலாமா, கூடாதா என்பதற்கு, 'வேண்டாம்' என்று தனியே சொல்லாதவர்கள் எல்லோரும் சம்மதித்தவர்களே என்று முதலில் வைத்திருந்தார்கள். கூச்சல் எழுந்த பிறகுதான் அதைத் தலைகீழாக மாற்றினார்கள். மௌனம் சம்மதம் என்பது கல்யாணப் பெண்ணுக்குக்கூடப் பொருந்தாது என்று நாம் இப்போது ஒப்புக்கொண்டுவிட்டோம். கலைஞனுக்கு மட்டும் எப்படிப் பொருந்தும்?

இன்னொரு விஷயமும் பாக்கி இருக்கிறது. தெருவில் யாருடைய கடை முன்னால், யாருடையது சந்து மூலையில் என்பதைத் தளத்தின் இயந்திரக் கணக்குத் தீர்மானிக்கிறது. எதை அதிகம் பேர் தொடுகிறார்களோ, அது மேலே வரும். மேலே வந்ததை இன்னும் அதிகம் பேர் தொடுவார்கள். "ஜனங்க தேர்ந்தெடுக்கறாங்க, மாமா. இதுல நான் என்ன செய்ய முடியும்?" என்று அந்தப் பிள்ளை கேட்டான். ஜனங்கள் தேர்ந்தெடுத்தால் சரிதான். ஆனால் காட்டினால்தானே தேர்ந்தெடுப்பார்கள்? செங்கல் வாங்கிய அந்தப் பூனை இன்று இந்தக் கணக்கிடம் அகப்பட்டால், ஒரு மாதத்தில் சந்து மூலைக்குப் போய்விடும். ஹெர்ஸ்டுக்கு ஆயிரம் குறை இருந்தது. ஆனாலும் அவர் ஒரு மனிதர், மனிதருக்குப் பிடிவாதமான ரசனை என்று ஒன்று உண்டு. கட்டுகிறவன் தன் முகப்பில் கொஞ்சம் இடத்தைக் கணக்குக்குக் கொடுக்காமல், தன் ரசனைக்கும் புதியவனுக்கும் ஒதுக்கி வைக்கட்டும். அது அவன் செலுத்த வேண்டிய வரி.

வலுவுள்ளவன் கையை அடக்கிக்கொண்ட ஒரு சம்பவத்தையும் சொல்ல வேண்டும். பில் வாட்டர்சன் 1985-ல் 'கால்வினும் ஹாப்ஸும்' என்ற தொடரைத் தொடங்கினார். ஒரு குறும்புக்காரச் சிறுவனும் அவனுடைய புலிப் பொம்மையும்தான் கதை. அந்தப் புலியைப் பொம்மையாகவும் சட்டையிலும் கோப்பையிலும் போட்டு விற்றால் கொள்ளைப் பணம். ஒப்பந்தப்படி அந்த உரிமை விநியோக நிறுவனத்திடம் இருந்தது; வாட்டர்சனுக்கோ அதில் துளியும் விருப்பம் இல்லை. வருஷக்கணக்கில் வாதாடினார்கள். சட்டம் தங்கள் பக்கம் இருந்தும், அவர் மனம் ஒப்பாமல் விற்க நிறுவனத்தார் துணியவில்லை. பிற்பாடு ஒப்பந்தத்தையே மாற்றி எழுதிக் கொடுத்தார்கள். 1995 டிசம்பர் 31-ந் தேதி வாட்டர்சன் தம் தொடரைத் தாமே முடித்துக்கொண்டார். பணம் போயிற்று, உண்மை. புலி புலியாகவே இருந்தது.

ஆனால் ஒவ்வொரு தடவையும் வலுவுள்ளவனின் நல்ல மனத்தை நம்பிக்கொண்டிருக்க முடியாது. நல்ல மனம் முதலாளிக்கு முதலாளி மாறும். தளம் விற்கப்பட்டால் மனமும் சேர்ந்து விற்கப்படும். ஆகையால் அந்தப் பிள்ளையிடம் நான் சொன்னது இதுதான்: "நீ நல்லவன்தான். உனக்குப் பிறகு வரப்போகிறவன் கெட்டவன் என்றே வைத்துக்கொண்டு கட்டு. அவன் நினைத்தாலும் பூட்ட முடியாதபடி வாசலை வை."

"எல்லாரும் கிளம்பிப் போயிட்டா?" என்றான்.

போகட்டுமே. போக முடியும் என்று தெரிந்தும் தங்குகிறவனுடைய உறவுதான் உறவு. போக வழியில்லாமல் தங்கியிருப்பவனை எண்ணிக் கணக்கில் காட்டிப் பெருமைப்படுவது, பட்டியில் அடைத்த ஆடுகளை எண்ணி, 'என்னிடம் எவ்வளவு பிரியம் பாருங்கள்!' என்று சொல்வதைப் போன்றது.

வருகிறவனை வரவேற்பது சுலபம். எல்லாத் தளங்களும் நன்றாகவே வரவேற்கின்றன. சூப்பர்மேனை வாங்கியவர்களும் அன்று சிரித்த முகத்தோடுதான் காசோலையை நீட்டியிருப்பார்கள். இடம் கொடுத்தவனுடைய குணம் அப்போது தெரிவதில்லை. வந்தவன் மூட்டையைக் கட்டிக்கொண்டு படி இறங்கும்போது, "எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டாயா? எதையும் விட்டுவிட்டுப் போகவில்லையே?" என்று கேட்கிறானே, அப்போதுதான் தெரிகிறது.